மேடு ஏறினால் கரும்புகை: பழைய டீசல் வண்டிகளைப் பற்றி எங்கள் மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கோத்தகிரிக்காரன். அப்பா காய்கறி லாரி ஓட்டினார். கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு என்று மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கிவிட்டு, திரும்பும்போது உரமூட்டையோ அரிசியோ ஏற்றிக்கொண்டு வருவார். லீவு விட்டால் நான்தான் கிளீனர். அப்புறம் சில வருஷம், என்ஜினுக்கு டீசலை அனுப்புகிற பம்பைப் பழுதுபார்க்கும் ஒரு கடையில் வேலை பார்த்தேன். அதனால் யாருடைய வண்டி புகை கக்கினாலும் கேள்வி என்னிடம் வந்துவிடுகிறது. டிரைவர்கள் கேட்பது, பின்னால் பைக்கில் வந்து முகம் கறுத்தவர்கள் கேட்பது, சீசனுக்கு வந்தவர்கள் கேட்பது எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

கரும்புகை என்பது என்ன?

கரி, வேறொன்றும் இல்லை. டீசலில் இருப்பது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். போதுமான காற்று கிடைத்து எரிந்தால் கார்பன் கண்ணுக்குத் தெரியாத வாயுவாகிப் போய்விடும், கிடைக்காவிட்டால் அந்தச் சூட்டில் டீசல் சிதைந்து கார்பன் மட்டும் பொடிப்பொடியாக மிஞ்சிவிடும். அரிக்கேன் விளக்கில் திரியைக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் கண்ணாடி கறுத்துப்போகுமே, அதே கதை. பாட்டிமார் விளக்குச் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி பிடிப்பார்கள், அதுவும் இந்தக் குடும்பம்தான்.

ஒரு லிட்டர் டீசல் முழுதாக எரிய ஏறக்குறைய 12 கிலோ காற்று வேண்டும். சமவெளியில் அது சுமார் 10,000 லிட்டர் காற்று. இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும், மறந்துவிடாதீர்கள்.

பெட்ரோல் வண்டி இப்படிக் கறுப்பாக விடுவதில்லையே?

பெரும்பாலான பெட்ரோல் என்ஜின்களில் காற்றும் பெட்ரோலும் முன்கூட்டியே கலந்துதான் சிலிண்டருக்குள் போகும், அப்புறம் பிளக் பொறி கொடுக்கும். டீசலில் பொறியே கிடையாது. வெறும் காற்றை உள்ளே இழுத்து, அதைப் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்று நசுக்குகிறது. நசுக்கின காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சியதும் அது தானாகப் பற்றிக்கொள்கிறது. பீச்சி, ஆவியாகி, காற்றோடு கலந்து, எரிந்து முடிக்க இருக்கிற நேரம் ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். சிலிண்டரில் மொத்தமாகக் காற்று இருந்தாலும் ஒவ்வொரு துளியையும் சுற்றி அது சரியாகப் போய்ச் சேர நேரம் இல்லை. பந்தியில் சோறு நிறைய இருந்தும் கடைசி வரிசைக்கு வந்து சேராத மாதிரி. சேராத இடத்தில் கரி.

சரி, எல்லா டீசலும் இப்படித்தான் என்றால் பழைய வண்டி மட்டும் ஏன் அதிகம் விடுகிறது?

பழைய பம்பு முழுக்க மெக்கானிக்கல். உள்ளே பிளஞ்சர் என்கிற ஒரு தண்டு டீசலைத் தள்ளும், சிலிண்டரில் இருக்கிற நாசில் என்கிற துளைமுனை பீச்சும். நாசில் திறக்கிற அழுத்தத்தை எங்கள் கடையில் கிலோவில் (ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று) சொல்வோம், பழைய லாரி நாசில் பலவும் 200 கிலோ சுமாருக்குத் திறப்பவை. இப்போது வருகிற, எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக்குழாயிலிருந்து டீசல் போகிற காமன் ரெயில் என்ஜினில் பீச்சுகிற அழுத்தம் 1,600 கிலோவையும் தாண்டும். அழுத்தம் கூடக்கூடத் துளி பொடியாகும், துளி பொடியானால் காற்று அதைச் சுலபமாகச் சூழ்ந்துகொள்ளும். குழாயில் வாளி நிரப்புவதற்கும் பூச்சி மருந்து ஸ்பிரேயர் அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொன்று, பழைய பம்புக்குக் கண்ணும் இல்லை, கணக்கும் தெரியாது. நீங்கள் ஆக்சிலேட்டரை மிதித்தால் அது டீசலை அனுப்பும், உள்ளே அதை எரிக்கக் காற்று இருக்கிறதா என்று பார்க்காது. புது வண்டியில் சென்சார் காற்றை அளந்து சொல்ல, கம்ப்யூட்டர் அதற்குத் தக்கபடிதான் டீசல் கொடுக்கும். நீங்கள் மிதிமிதி என்று மிதித்தாலும் ஓர் அளவுக்கு மேல் தராது. இதோடு வயசும் சேர்கிறது. பிளஞ்சர் தேயும், நாசில் நுனி தேயும், பிஸ்டன் ரிங் தேய்ந்து காற்றை நசுக்குகிற கம்ப்ரஷன் குறையும், டைமிங் தள்ளிப்போய் டீசல் தாமதமாகப் பீச்சப்பட்டு எரிந்து முடிவதற்குள் வெளியேறும். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட முப்பது வருஷ ஜீப் புகையே காட்டாமல் ஓடுவதைக் கட்டபெட்டு ரோட்டில் நானே பார்த்திருக்கிறேன். வயசு மட்டும் காரணம் என்றால் அது நடக்காது.

மேட்டுப்பாளையம் வரை சுத்தமாக வந்த வண்டி, குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் தாண்டியதும் ஏன் புகைகிறது?

இதுதான் எங்கள் ஊர்க் கேள்வி, இதற்குத்தான் அந்த 10,000 லிட்டர் கணக்கு.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம். குன்னூர் 1,850 மீட்டர் வாக்கில், ஊட்டி 2,240. ஐம்பது கிலோமீட்டர் ரோட்டில் கிட்டத்தட்ட 1,900 மீட்டர் ஏறுகிறோம். மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. ஊட்டியில் அதன் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே ஒரு லிட்டர் டீசலை எரிக்க அங்கே 12,500 லிட்டர் காற்று வேண்டியிருக்கிறது. ஆனால் சிலிண்டர் பெரிதாகிவிடவில்லையே, மலையடிவாரத்துக் கல்லாரில் எத்தனை லிட்டர் இழுத்ததோ அதே அளவுதான் ஊட்டியிலும் இழுக்கும். பம்போ பழைய அளவிலேயே டீசலை ஊற்றிக்கொண்டிருக்கும், அதற்கு மலை ஏறியது தெரியாது. உயரத்துக்குத் தக்கபடி டீசலைக் குறைக்கும் அமைப்பு சில பம்புகளில் உண்டு, எங்கள் மேசைக்கு வந்த பழைய லாரிப் பம்பு ஒன்றிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

காற்று குறைந்தால் இழுவையும் குறையும். டர்போ இல்லாத என்ஜினுக்கு 300 மீட்டர் ஏறினால் சக்தியில் 3 சதவீதம் போச்சு என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். இழுவை இல்லை என்று டிரைவர் என்ன செய்வார்? இன்னும் மிதிப்பார். மிதிக்க மிதிக்க டீசல் கூடும், கூடின டீசலுக்குக் காற்று ஏது? கரியாக வரும். லோடு, மேடு, மெலிந்த காற்று, அழுத்தின கால் என்று நாலும் கூடி வருகிற இடம் இந்த மலைப்பாதை.

பம்பில் டீசலைக் கூட்டி வைத்தால் இழுவை கிடைக்கும் என்கிறார்களே?

கிடைக்கும், கொஞ்ச நாளைக்கு. அப்பா லாரியிலேயே இது நடந்தது. மேடு இழுக்கவில்லை என்று கீழே ஒரு பட்டறையில் காட்டினார், அவர்கள் பம்பில் டீசல் அளவு ஸ்க்ரூவைத் திருகிக் கூட்டிவிட்டார்கள். குஞ்சப்பனை வரை வண்டி பறந்தது, அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அரவேணு ஏறும்போது பின்னால் ரோடே தெரியவில்லை. ஒரு நடைக்கு ஆகிற டீசல் கூடிப்போனது, மாதக் கணக்கு எழுதும்போதுதான் உறைத்தது. புகையோடு நின்றாலும் பரவாயில்லை. அதிக டீசலும் தாமதமாக எரிவதும் சேர்ந்து சைலன்சர் பக்கம் சூடு ஏறும், வால்வும் பிஸ்டனும் அடிவாங்கும், கரி என்ஜின் ஆயிலில் இறங்கி ஆயில் தார் மாதிரி ஆகும். எங்களுக்கு என்ஜின் மேல்மூடியைக் கழற்றிப் பார்க்கிற ஹெட் வேலை வந்தது. அதற்கப்புறம் பம்பைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் போட்டு, எல்லா சிலிண்டருக்கும் ஒரே அளவு வருகிறதா என்று பார்த்து, மேலே ஓடுகிற வண்டி என்று சொல்லி அளவைக் குறைத்து வைத்தோம். டாப் இழுவை கொஞ்சம் குறைந்தது உண்மை. அப்பா ஒரு கியர் இறக்கி ஓட்டக் கற்றுக்கொண்டார், முணுமுணுத்துக்கொண்டேதான்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும், பம்பா நாசிலா?

இரண்டும் இல்லை, ஏர் ஃபில்டர். செலவே இல்லாத வேலை, ஆனால் அதைத்தான் கடைசியில் பார்க்கிறார்கள். பழைய லாரிகளிலும் ஜீப்களிலும் அடியில் ஆயில் கிண்ணம் வைத்த ஃபில்டர் இருக்கும். கிளிப்பைத் தட்டிக் கழற்றினால் மேலே மெல்லிய ஆயில், அதற்குக் கீழே விரல்கடை உயரத்துக்குச் செம்மண் சேறு, இறுகிப்போய், ஸ்க்ரூடிரைவர் விட்டுச் சுரண்டினால்தான் வரும். தேயிலைத் தோட்டத்து மண் ரோட்டில் கொழுந்து மூட்டை ஏற்றிப் போகிற வண்டிகளில் இது இரண்டு மாதத்திலேயே இப்படி ஆகிவிடும். காற்றே குறைவான ஊரில் அந்தக் காற்றும் சேற்றில் புகுந்து வரவேண்டும் என்றால் என்ஜின் என்ன செய்யும்? கழுவி, துடைத்து, கோடு வரைக்கும் புது ஆயில் ஊற்றுங்கள். பேப்பர் ஃபில்டர் என்றால் காற்றடித்துக் காற்றடித்து வருஷக்கணக்கில் ஓட்டாமல் மாற்றுங்கள்.

கையோடு எக்ஸாஸ்ட் பிரேக் (இறக்கத்தில் புகைக்குழாயை ஒரு தட்டால் அடைத்து வேகத்தைக் குறைப்பது) இருக்கிற லாரியில் அதன் தட்டு முழுதாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். இறக்கத்தில் போட்டது கரி பிடித்துப் பாதியில் சிக்கி நின்றால், ஏறும்போது புகை வெளியே போக வழியின்றி உள்ளேயே தங்கும், அந்த இடத்துக்குப் புதுக்காற்று வராது. பம்பைப் பிரித்து ஆயிரக்கணக்கில் செலவழித்த பிறகு இந்தத் தட்டுதான் குற்றவாளி என்று தெரிந்த கதை ஒன்றுக்கு மேல் எனக்குத் தெரியும்.

நாசில் கெட்டிருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கடையில் கையால் அடிக்கிற நாசில் டெஸ்டர் இருக்கும். நாசிலை மாட்டி லீவரை அமுக்கினால், நல்ல நாசில் ‘டர்ர்ர்’ என்று ஒரு சத்தத்தோடு பனிமூட்டம் மாதிரி விசிறும், நிறுத்தினதும் நுனி காய்ந்திருக்கும். கெட்டது சத்தம் போடாது, கோடாகப் பீச்சும், நிறுத்தின பிறகும் நுனியில் ஒரு சொட்டு தொங்கும். அந்த ஒரு சொட்டுதான் புகை. (அந்த விசிறலுக்கு முன்னால் கை நீட்டாதீர்கள், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கடையில் சேர்ந்த அன்றைக்கு எனக்குச் சொன்ன முதல் பாடம்.) வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போதே விட்டுவிட்டுக் கரும்புகை வந்தால், கூடவே ஒரு சிலிண்டர் தட்டுகிற சத்தமும் கேட்டால், நாசிலைச் சந்தேகப்படலாம். நல்ல பட்டறையில் ஒவ்வொரு லைனாகத் தளர்த்திப் பார்த்து எந்தச் சிலிண்டர் என்று சொல்லிவிடுவார்கள்.

டிரைவர் கையில் ஏதாவது இருக்கிறதா?

கையில் இல்லை, காலில் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுக்குள் மூன்றாவது கியரில் நுழைந்து, வண்டி திணற ஆரம்பித்ததும் ஆக்சிலேட்டரைத் தரையோடு அமுக்குவது, அதுதான் தப்பு. என்ஜின் சுற்று குறைவு, டீசல் முழு அளவு, புகை வராமல் எப்படி இருக்கும்? வளைவுக்கு முன்னாலேயே கியரை இறக்கிக்கொண்டு, சுற்று விழாமல், அரைக்காலில் ஏறினால் பாதிப் புகை போய்விடும். லோடையும் பாருங்கள். மழைக்காலத்தில் மூட்டை நனைந்து எடை கூடும், அது கணக்கிலேயே வராது.

இறக்கத்தில் வேறு கதை. காலை எடுத்துவிட்டு கியரில் இறங்கும்போது பம்பு டீசலே கொடுக்காது, என்ஜின் வெறும் காற்றை இழுத்துத் தள்ளும், அதனால் புகை இல்லை. கீழே வந்து முதல் தடவை மிதிக்கும்போது குபுக்கென்று ஒரு கரி மேகம் வரும். என்ஜின் ஆறியிருப்பது பாதி, சைலன்சரில் ஒட்டியிருந்த கரி உதிர்வது பாதி. அது ஒரு தடவை வந்து நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம்.

டர்போ இருந்தால் புகை வராதா?

டர்போ என்பது ஊதாங்குழல் மாதிரி. விறகடுப்பு புகைந்தால் ஊதுகிறோம் அல்லவா, வெளியேறுகிற புகையின் வேகத்திலேயே ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு அது காற்றை உள்ளே தள்ளுகிறது. மெலிந்த காற்றை ஓரளவு ஈடுகட்டும், அதனால் மலைக்கு நல்லது. ஆனால் ஒரு நிறுத்தத்திலிருந்து கிளம்பும்போது டர்போ வேகம் பிடிக்க ஒன்றிரண்டு நொடி ஆகும், அதற்குள் டீசல் போய்விடும். பஸ் கிளம்பும்போது ஒரு முழம் புகை வந்து அப்புறம் தெளிவது இதனால்தான். மே மாத சீசனில் நெரிசலில் நின்று நின்று நகரும்போது ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு முழம். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நீதிமன்ற உத்தரவில் இ-பாஸ் வந்தது. வண்டி எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், வண்டி நிற்காமல் நகர்ந்தாலே புகை குறையும் என்பது என் எண்ணம்.

டர்போவிலிருந்து வரும் ரப்பர் குழாய் பிளந்திருந்தாலும் கரும்புகைதான். மிதிக்கும்போது ‘உஸ்ஸ்’ சத்தம் கேட்கிறதா பாருங்கள்.

வெள்ளையாக, நீலமாக வந்தால்?

நீலம் என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது: ரிங், வால்வு கைடு, அல்லது டர்போ சீல். வெள்ளை இரண்டு வகை. ஊட்டியில் உறைபனிக் காலத்துக் காலையில் ஸ்டார்ட் செய்தால் கண் எரிகிற வெள்ளைப் புகை வரும், அது சூடு பத்தாமல் எரியாமலே வெளியேறும் டீசல். ஹீட்டர் பிளக் வேலை செய்தால் சீக்கிரம் நின்றுவிடும். என்ஜின் சூடான பிறகும் வெள்ளை நிற்காமல் ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் கேஸ்கெட் போயிருக்கலாம், உடனே பாருங்கள்.

டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால்தான் கரும்புகை என்கிறார்களே?

அப்படி ஊரெல்லாம் நம்புகிறார்கள், ஆனால் மண்ணெண்ணெய் டீசலைவிட லேசானது, அதனால் கறுப்புக் கூடுவதில்லை. அதன் கெடுதல் வேறு: பம்பு உள்ளே டீசல்தான் மசகு, மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு கிடையாது, பிளஞ்சர் தேய்ந்துவிடும். பழைய என்ஜின் ஆயிலை டேங்கில் ஊற்றுகிறவர்கள் உண்டு, அதுதான் கறுப்பாக வரும்.

பி.யூ.சி. என்கிற புகைச் சோதனைச் சான்றிதழ் இருக்கிறது, அப்புறம் எப்படிப் புகை?

நியாயமான கேள்வி. அந்தச் சோதனையில் வண்டி நியூட்ரலில் நிற்கும், என்ஜினைச் சூடாக்கி, ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுதாக மிதித்துவிட்டு எடுப்பார்கள், இப்படிச் சில தடவை, குழாயில் வைத்த கருவி புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்று அளக்கும். பி.எஸ். 4-க்கு (பாரத் ஸ்டேஜ் என்கிற வண்டிப்புகை விதியின் நாலாம் கட்டம்) முந்தைய டீசல் வண்டிக்கு 65 அலகு வரை, பி.எஸ். 4 வண்டிக்கு 50 வரை விடுகிறார்கள். லோடு கிடையாது, மேடு கிடையாது. சமவெளியில் வெறும் வண்டியாக நின்று பாஸ் ஆனது, ஐந்து டன்னோடு குன்னூர் மேட்டில் என்ன செய்யும் என்று அந்தக் காகிதத்துக்குத் தெரியாது. அதற்காகச் சான்றிதழே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள், 2019 திருத்தத்துக்குப் பிறகு மாசு விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது.

புது வண்டிகள் கரியே உண்டாக்குவதில்லையா?

உண்டாக்குகின்றன, வெளியே விடுவதில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 6 வந்தபோது டீசல் கார், லாரிகளின் சைலன்சர் லைனில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் சேர்ந்தது. கரி நிறைந்ததும் 550, 600 டிகிரிக்குச் சூடேற்றி அதை எரித்துவிடும். டவுனுக்குள் மட்டும் குட்டி ஓட்டம் ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சூடே வராமல் ஃபில்டர் அடைத்து லைட் எரியும், அப்போது கொஞ்ச தூரம் நல்ல வேகத்தில் ஓட்ட வேண்டும். டீசலும் மாறியிருக்கிறது: பி.எஸ். 3 காலத்தில் கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை இருக்கலாம், பி.எஸ். 4-இல் 50, இப்போது 10. லாரிகளில் ஊற்றுகிற யூரியா கரிக்காக இல்லை, நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய வண்டியில் இந்த ஃபில்டரைக் கொண்டுபோய் மாட்டலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம், அந்த என்ஜின் விடுகிற கரிக்கு அது சீக்கிரமே அடைத்துவிடும்.

உடம்புக்கு எவ்வளவு கெடுதல்?

2012-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் வகையில் சேர்த்தது. கண்ணுக்குத் தெரிகிற கறுப்பைவிட அதற்குள் இருக்கிற நுண்துகள்தான் நுரையீரலின் ஆழம் வரை போகும். எங்கள் ஊரில் இன்னொரு சிக்கல், பனிக்காலக் காலைகளில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கி மூடி போட்ட மாதிரி நிற்கும், வெயில் ஏறும் வரை புகை அங்கேயே கிடக்கும். பிள்ளைகள் ஸ்கூலுக்கு நடக்கிற நேரமும் அதுதான்.

மலை ரயிலும் புகை விடுகிறதே, அதை யாரும் கேட்பதில்லை?

கேட்கிறார்கள், சிரித்துக்கொண்டே. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி என்ஜின், அங்கிருந்து ஊட்டிக்கு டீசல் என்ஜின். நீராவியில் தெரிகிற வெள்ளை பெரும்பாலும் ஆவி, கறுப்பு வந்தால் அங்கேயும் காரணம் எரிபொருளுக்குக் காற்று போதவில்லை என்பதே.

பத்து வருஷமான டீசல் வண்டியை ஓட்டக்கூடாதாமே?

அது டெல்லி வட்டாரத்துக்கு வந்த உத்தரவு. இங்கே எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று இருந்தால் ஓட்டலாம்.

பழைய ஜீப் ஒன்று வாங்கப் போகிறேன், புகையை வைத்து எப்படிப் பார்ப்பது?

விற்கிறவர் சூடாக்கி வைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலை என்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் விடுங்கள், வெள்ளை நிற்கிறதா பாருங்கள். அப்புறம் ஒரு வெள்ளைத் துணியைச் சைலன்சர் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நண்பரை மிதிக்கச் சொல்லுங்கள். கரி காய்ந்த பொடியாக ஒட்டி, தட்டினால் உதிர்ந்தால் காற்று, நாசில், பம்பு வேலை. பேரம் பேசி வாங்கலாம். பிசுபிசுவென்று தேய்த்தால் பரவுகிற கறுப்பு என்றால் ஆயில் சேர்ந்திருக்கிறது, சிலிண்டரைக் கடைந்து சரிசெய்கிற போர் வேலை வரும், அந்தச் செலவைக் கழித்து விலை சொல்லுங்கள். கடைசியாக நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் இரண்டாவது கியரில் ஏற்றிப் பாருங்கள், சமதளத்தில் மட்டும் ஓட்டிக் காட்டுகிறேன் என்றால் அந்த வண்டி வேண்டாம்.